அப்பச் சோடா: சிட்டிகையும் கரண்டியும்

அடுக்களைத் தட்டிலே, உப்புச் சாடிக்கும் மிளகாய்த்தூள் போத்தலுக்கும் அருகில், வெண்ணிறத் தூள் அடங்கிய சிறு பேணி ஒன்று பல வீடுகளில் உண்டு. அப்பம் சுடும் நாளில் இல்லத்தலைவி அதிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து மாவிற் கலக்கிறாள். விருந்துண்டு வயிறு பொருமிய நாளில் இல்லத்தலைவர் அதே பேணியைத் திறந்து, ஒரு கரண்டி தூளைத் தண்ணீரில் இட்டுப் பருகுகிறார். இருவரும் எடுப்பது ஒரே தூள். சிட்டிகை உணவுக்கு உதவுகின்றது. கரண்டியோ சிலவேளை உயிருக்கே ஊறு செய்கின்றது.

அப்பச் சோடாவை இரசாயன நூலார் சோடியம் இருகாபனேற்று என்பர். இது ஒரு மென்காரம். புளிப்புள்ள பொருளோடு சேருங்கால் காபனீரொட்சைட்டு வாயுவை வெளிவிடும். கள்ளோ இளநீரோ விட்டுப் புளிக்கவைத்த அப்பமாவில் அமிலம் முன்னரே உண்டாகியிருக்கும். சுடுவதற்குச் சற்று முன் சோடாவைச் சேர்த்தால், வாயுக்குமிழிகள் மாவினுள் எழுந்து, அப்பத்தின் நடுப்பகுதி பஞ்சுபோல் உப்பும். அளவு மிகுந்தாலோ, அமிலத்தோடு சேராது எஞ்சிய சோடா சூட்டினாற் சிதைந்து, சலவைச் சோடாவாகிய சோடியம் காபனேற்றாக மாறும். அப்பம் மஞ்சள் பூத்துச் சவர்க்காரச் சுவை கொள்வது இதனாலேயே.

கேக் செய்வோர் கையாளும் பேக்கிங் பவுடர் வேறு பொருள். அதில் சோடாவோடு உலர்ந்த அமிலப்பொருளும் மாப்பொருளும் கலந்துள்ளன. ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடர் வேண்டிய இடத்தில் ஒரு தேக்கரண்டி சோடாவை இட்டால் பண்டம் கெடும். கால் தேக்கரண்டிச் சோடாவும் சிறிது தேசிக்காய்ச் சாறும் போதியன.

கடலை விரைவில் அவியவேண்டுமென்று சோடா இடுவாரும், கீரையின் பச்சை நிறம் மங்காதிருக்க இடுவாரும் உளர். காரம் கடலையை மென்மையாக்குவது உண்மையே. ஆயினும் தயமின் எனப்படும் விற்றமின் பி-1 காரத்தினால் அழிகின்றது. கீரையிலுள்ள விற்றமின் சி சத்தும் குன்றுகின்றது. தயமின் குறைவினால் வரும் நோயின் பெயர் பெரிபெரி. அப்பெயர் சிங்கள மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குச் சென்றதென அகராதிகள் கூறும். முதல்நாள் இரவே கடலையை ஊறவைக்கும் வீட்டிலே சோடாவுக்கு வேலையில்லை.

துப்புரவுப் பணிக்கு இத்தூள் நன்கு பயன்படும். தேநீர்க் கறை படிந்த கோப்பையை இதனைத் தொட்டுத் துலக்கலாம். ஆனால் அலுமினியப் பாத்திரம் இதனாற் கறுக்கும். தாச்சியில் எண்ணெய் தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றலாகாது. அடுப்பை அணைத்து, தாச்சியை மூடியால் மூடவேண்டும். தீ சிறிதாயின் அப்பச் சோடாவை நிறைய அள்ளித் தூவுவதும் உதவும்.

இனி மருந்தாகும் இடத்தைக் காண்போர்க்கு இரு வேறு காட்சிகள் தோன்றும். வைத்தியசாலையிலே குருதியில் அமிலம் மிகுந்த நோயாளர் சிலருக்கு இது நாளத்தின் வழியாக ஏற்றப்படுகின்றது. நாட்பட்ட சிறுநீரக நோயாளர் சிலருக்கு மாத்திரையாகக் கொடுக்கப்படுகின்றது. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் இதற்கு இடமுண்டு. அங்கே குருதியைப் பரிசோதித்து அளவைத் தீர்மானிப்பவர் வைத்தியர். வீட்டிலோ கைக்கு வந்ததே அளவு.

இரைப்பையின் அமிலத்தைச் சோடா நடுநிலையாக்குவதால் நெஞ்செரிவு சிறிதுநேரம் தணியும். அப்போது அப்பமாவில் எழுந்த அதே வாயு வயிற்றிலும் எழுகின்றது. வயிறு முட்ட உண்டபின் ஒரே முறையில் மிகுதியாகச் சோடா பருகியோர் சிலருக்கு, அவ்வாயுவின் அழுத்தத்தால் இரைப்பையே கிழிந்த செய்தி மருத்துவ ஏடுகளிற் பதிவாகியுள்ளது. மேலும், ஒரு தேக்கரண்டிச் சோடாவில் ஏறத்தாழ 1,250 மில்லிகிராம் சோடியம் உண்டு. வளர்ந்தவர் ஒருவர் நாளொன்றுக்கு 2,000 மில்லிகிராமுக்குக் குறைவாகவே சோடியம் கொள்ளவேண்டுமென்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. உயர்ந்த குருதியமுக்கம், இருதய நோய், சிறுநீரக நோய் உடையோரும் கர்ப்பிணிகளும் வைத்தியரைக் கேளாது இதனைப் பருகுதல் தகாது. கைக்குழந்தையின் வயிற்றுப் பொருமலுக்கு இதனைக் கொடுக்கவே கூடாது. வேறு மருந்துகள் உடலிற் சேரும் அளவையும் சோடா மாற்றவல்லது. புற்றுநோயை இது தீர்க்கும் என்று பரவும் கூற்றுக்கு ஆதாரமில்லை. அதனை நம்பி உரிய சிகிச்சையைக் கைவிடுவோர் உயிரைப் பணயம் வைக்கின்றனர்.

இவற்றிலும் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. நெஞ்சிலே தோன்றும் எரிவெல்லாம் வயிற்றுக் கோளாறென்று கொள்ளுதல் பிழை. மாரடைப்பும் சிலவேளை நெஞ்செரிவுபோலவே தொடங்கும். நெஞ்சு இறுகுதல், கைக்கோ தாடைக்கோ வலி பரவுதல், வியர்த்தல், மூச்சுத் திணறல் என்பன கூடவே தோன்றின், சோடாவைக் கரைத்துக் குடித்துவிட்டு ஏப்பத்துக்காகக் காத்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் இருதயத் தசை மடிந்துகொண்டிருக்கக்கூடும். அவ்வேளையில் 1990 என்ற இலக்கத்தை அழைத்து அம்புலன்ஸ் வண்டியை வரவழைப்பதே செய்யத்தக்கது. நெஞ்செரிவு அடிக்கடி வருமாயின் அதன் காரணத்தை வைத்தியரே கண்டறிதல் வேண்டும்.

பேணியின் மேல் பெயரெழுதி ஒட்டி, சலவைச் சோடாவுக்கு அருகில் வையாது, சிறுவர் கைக்கெட்டாத தட்டில் வைப்பது நன்று. விருந்துண்ட இல்லத்தலைவர் அப்பேணியைத் தேடும்போது, இல்லாள் முதலில் அவரைக் கேட்கவேண்டியது ஒன்றுண்டு: எரிவு எங்கே, எப்போதிருந்து, வேறென்ன செய்கிறது? அக்கேள்வி ஓர் உயிரைக் காக்கக்கூடும். அப்பமாவுக்குரிய சிட்டிகை மட்டும் என்றும்போலப் பேணியில் இருக்கட்டும்.