சிப்காட்டுக்குள் ஒரு கணிதக் கூடம்

ஃபர்ஸ்ட் ஷிப்ட் முடித்துக் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே இங்கு வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு நன்றி.

காஞ்சிபுரத்தில் வண்டி ஏறினால் வாலாஜாபாத், ஒரகடம், வண்டலூர், கேளம்பாக்கம் என்று ஒரே போக்கில் சிறுசேரி போய்ச் சேரலாம். 1932இல் காஞ்சிபுரத்தில் பிறந்த கணிதவியலாளர் சி.எஸ். சேஷாத்ரி உருவாக்கிய சென்னைக் கணிதவியல் நிறுவனம் அந்தச் சிறுசேரியில், சிப்காட் வளாகத்துக்குள் இருக்கிறது. ஒரகடம், இருங்காட்டுக்கோட்டைத் தொழிற்பேட்டைகளை நடத்தும் அதே சிப்காட்தான். 1989இல் அந்த நிறுவனத்துக்கு முதல் வீடு கொடுத்ததும் ஓர் ஆலைதான். உரம் தயாரிக்கும் ஸ்பிக் தன் அறிவியல் அறக்கட்டளையின் கீழ் கணிதப் பள்ளி ஒன்றைத் தொடங்க, 2005இல் அது சிறுசேரிக்குக் குடிபெயர்ந்தது. யூரியாவுக்கும் சேஷாத்ரியின் இயற்கணித வடிவியலுக்கும் என்ன உறவு என்று அன்றைக்கு யாராவது கேட்டிருப்பார்கள். நல்லவேளை, கேட்டவர் பேச்சு எடுபடவில்லை.

இன்றைய என் பொருள் கேட்டகரி தியரி. கணிதக்காரர்களே சிலர் ‘இது ரொம்ப அருவம்’ என்று ஒதுக்கும் துறை. ஐலன்பெர்க், மக்லேன் இருவரும் 1945இல் எழுதிய கட்டுரையில் பிறந்தது. இதில் பொருள்கள் உண்டு, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் அம்புகள் உண்டு. ஓர் அம்பு முடியும் இடத்தில் அடுத்தது தொடங்கினால் இரண்டையும் தொடுத்து ஒரே அம்பாக்கலாம். மூன்றைத் தொடுக்கும்போது எந்த இரண்டை முதலில் சேர்த்தாலும் விடை மாறக்கூடாது. பொருளை அப்படியே விட்டுவைக்கும் அம்பு ஒன்றும் ஒவ்வொரு பொருளுக்கும் உண்டு. அடிப்படை விதிகள் இவ்வளவே. இதிலிருந்து கிளம்பும் யொனேடா துணைத்தேற்றம், ஒரு பொருளைப் பிரித்துப் பார்க்காமலே, மற்றவற்றிலிருந்து அதற்கு வரும் அம்புகள் அனைத்தையும் கொண்டு அதை அறிந்துவிடலாம் என்கிறது. அசெம்ப்ளி லைனில் நிற்பவருக்கு இது விளங்கும். வெண்டரிடமிருந்து வரும் கியர்பாக்ஸை அங்கே யாரும் கழற்றிப் பார்ப்பதில்லை. எதோடு எப்படிப் பொருந்துகிறது என்பதே கேள்வி.

பொருத்தம் என்றதும், அதே சேஷாத்ரி சக கணிதவியலாளர் நரசிம்மனோடு நிறுவிய நரசிம்மன்–சேஷாத்ரி தேற்றத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. வடிவியலில் ஒரு வகைப் பொருளும் குலக் கோட்பாட்டில் வேறொரு வகைப் பொருளும் ஒன்றுக்கொன்று இணை என்று 1965இல் காட்டிய தேற்றம் அது. இருவருமே லயோலா கல்லூரியில் பிரெஞ்சு ஏசுசபைப் பாதிரியார் சார்லஸ் ரசீனிடம் படித்தவர்கள். பாரிஸில் எலி கார்த்தானிடம் பயின்ற ரசீன், புதிய கணிதம் எங்கே நடக்கிறது என்று மாணவர்களுக்கு வழி காட்டினார். 1953இல் இருவரும் பம்பாய் டாட்டா ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்தார்கள்.

இப்போது வழி காட்டும் வேலையை இணையம் செய்கிறது. பயன்பாட்டு கேட்டகரி தியரிக்கென்று அட்ஜாயின்ட் ஸ்கூல் என்றொரு பள்ளி இருக்கிறது. விண்ணப்பித்துத் தேர்வானவர்கள் சிறு குழுக்களாக, வழிகாட்டி ஒருவரோடு, பல மாதங்கள் இணையவழியில் ஆய்வுக் கட்டுரைகளை வாசிக்கிறார்கள். பிறகு இத்துறையின் ஆண்டு மாநாட்டை ஒட்டிச் சந்தித்து ஆய்வு செய்கிறார்கள். 2020இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் கூட வேண்டிய மாநாடு, கொரோனாவால் முழுக்க இணையத்துக்கு வந்தது. விமானச் செலவும் விசாவும் இல்லாமல் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து கேட்கக்கூடிய மாநாடு.

கேட்கக்கூடியது என்றுதான் சொன்னேன். அங்கே கோடையில் காலை 10 மணி என்றால் இங்கே இரவு 7.30. செகண்ட் ஷிப்ட் ஆள் லைனில் நிற்பார். ஃபர்ஸ்ட் ஷிப்ட் ஆள் விடியுமுன் எழுந்தவர், சொக்கி விழுவார். பதிவு செய்த காணொளியைப் பிறகு பார்க்கலாம், உண்மைதான். ஆனால் இரண்டாம் விரிவுரையில் ஒரு நிறுவல் புரியாமல் நின்றுபோனால் காணொளியிடம் சந்தேகம் கேட்க முடியாது. அந்தப் பள்ளி குழுவையும் வழிகாட்டியையும் விடாமல் வைத்திருப்பது இதற்காகத்தான் என்று நினைக்கிறேன். இந்தப் பக்கம் உட்கார்ந்து சொல்லித்தர ஓர் ஆள் இல்லாத இணையப் பள்ளி, என் கணக்கில் பள்ளி ஆகாது.

ஆகவே இங்கு வந்திருக்கும் ஆலை நிர்வாகிகளிடம் ஒரு வேண்டுகோள். 2013 கம்பெனிச் சட்டப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் மூன்றாண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். கல்வியும் அதில் அடங்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் சேர்ந்து கேட்டகரி தியரி படிக்க ஓர் அறை, ஒரு கரும்பலகை, நல்ல இணைய இணைப்பு, சிறுசேரியிலிருந்து வந்துபோகும் ஓர் ஆய்வு மாணவருக்கு மதிப்பூதியம் — கேட்பது இவ்வளவுதான். சேர்பவர்களுக்கு மாநாட்டு வாரத்தில் ஷிப்ட் மாற்றிக் கொடுங்கள். சேர்க்கும்போது டிகிரி கேட்காதீர்கள், டிப்ளமோ, ஐ.டி.ஐ. படித்தவர்களையும் உட்கார வையுங்கள்.