காடு யாருக்குச் சொந்தம்?

(தோட்டக் குடும்பங்களின் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்றைக்கு நான் பேசப்போவது கடல் கடந்து இருக்கிற பிறேசில் நாட்டைப் பற்றி. அங்கே அமேசன் என்று ஒரு பெருங்காடு. "அந்தக் காட்டுக்கும் கொழுந்து எடுக்கிற நமக்கும் என்னங்க சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது. களுத்துறைப் பக்கமும் கேகாலைப் பக்கமும் நம்ம சொந்தக்காரர் பால் வெட்டுகிறார்களே, அந்த றப்பர் மரத்துக்குச் சொந்த ஊர் அமேசன் காடுதான். 1876ஆம் ஆண்டு ஹென்றி விக்கம் என்ற வெள்ளைக்காரர் அங்கிருந்து ஏறக்குறைய 70,000 விதைகளை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். அங்கே கியூ தோட்டத்தில் முளைத்த கன்றுகள் அதே ஆண்டில் கப்பலேறி இலங்கைக்கு வந்து, கம்பஹா ஹெனரத்கொடவில் நடப்பட்டன. மரம் இங்கே வந்துவிட்டது. அந்த மரத்தோடு வாழ்ந்த ஜனங்கள் என்ன ஆனார்கள்? அதைத்தான் சொல்லப்போகிறேன்.

அந்தக் காட்டில் ஆதியிலிருந்தே பல ஆதிவாசி மக்கள் இருந்தார்கள். ஆறும் மரமும் மீனும் அவர்களுக்குச் சோறு போட்டன. றப்பருக்கு விலை ஏறியதும் முதலாளிமார் காட்டுக்குள் புகுந்தார்கள். வேலைக்கு ஆள் வேண்டுமே! பிறேசிலின் வடகிழக்கில் 1877இல் பெரும் வறட்சி தொடங்கியது. பட்டினியால் துடித்த ஜனங்களைக் காட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். அதே காலத்தில்தான் தமிழ்நாட்டில் தாது வருஷப் பஞ்சம். நம்ம முன்னோரில் எத்தனையோ பேர் அந்தப் பஞ்சத்துக்குத் தப்பித்தான் இந்த மலைக்கு வந்தார்கள். பசிக்கு ஊர் ஏது, பாஷை ஏது?

வந்தவர்கள் பால் வெட்டினார்கள். அங்கே றப்பர் மரம் நம்ம தோட்டம் மாதிரி நிரையாக நிற்காது. காட்டுக்குள் இங்கொன்று, அங்கொன்று. விடியுமுன்னே விளக்கோடு போய், ஒவ்வொரு மரமாகத் தேடிப் பட்டையைக் கீறிக் கிண்ணம் வைத்து, திரும்பவும் அதே பாதையில் நடந்து பாலைச் சேர்க்க வேண்டும். அரிசியும் உப்பும் முதலாளியின் கடையில்தான். விலையும் அவன் சொன்னது, கணக்கும் அவன் எழுதியது. கடன் தீராது, ஆளும் வெளியே போக முடியாது. "துண்டு" என்ற சொல்லைப் பாட்டன்மார் வாயால் கேட்டவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இன்னுமொரு கொடுமையும் நடந்தது. காட்டைப் பிடிப்பதற்காக முதலாளிமார் துப்பாக்கிக்காரரை ஆதிவாசிக் கிராமங்களுக்குள் ஏவினார்கள். கொன்றார்கள், துரத்தினார்கள், மிஞ்சியவர்களை வேலைக்குப் பிடித்தார்கள். இதனால் பால் வெட்டுகிறவனும் ஆதிவாசியும் பல தலைமுறைக்குப் பகையாளிகள். இரண்டு ஏழைகள் முறைத்துக்கொண்டு நிற்க, லாபம் மூன்றாவது ஆளுக்கு!

1970களில் புது ஆபத்து வந்தது. மாட்டுப் பண்ணைக்காரர்கள் காணி உறுதியைக் காட்டி, "இந்தக் காடு எங்களுக்கு" என்று சொல்லி ஆக்ரே மாநிலத்தில் மரங்களை வெட்டிக் கொளுத்தினார்கள். தலைமுறையாகக் குடியிருந்தவர்களிடம் ஒரு துண்டுக் கடதாசியும் இல்லை. கடதாசி இல்லாதவன் படுகிற பாடு நமக்குத் தெரியாததா? 1948இல் பிரஜாவுரிமை பறிபோன ஜனங்கள் அல்லவா நாம்! அது முழுசாகத் தீர 2003ஆம் ஆண்டுச் சட்டம்வரை காத்திருந்தோமே.

அந்த ஜனங்கள் என்ன செய்தார்கள்? 1976 முதல், மரம் வெட்டுகிற இடத்துக்கு ஆண், பெண், பிள்ளைகள் எல்லாரும் கூட்டமாகப் போய் நின்றார்கள். வாள் பிடித்த ஆட்களும் கூலிக்காரர்கள்தானே. "தம்பி, இந்தக் காடு போனால் எங்கள் பிழைப்பும் போகும்" என்று பேசி, வேலையை நிறுத்தித் திருப்பி அனுப்பினார்கள். இதற்கு முன்னின்ற தொழிற்சங்கத் தலைவர் வில்சன் பின்ஹெய்ரோவை 1980இல் சுட்டுக் கொன்றார்கள். அவருக்குப் பின் அந்தப் பாரத்தைச் சுமந்தவர்களில் முக்கியமானவர் சிக்கோ மெண்டிஸ். அவர் பால் வெட்டுகிறவரின் மகன், சின்ன வயதிலேயே பால் வெட்டப் போனவர். வாசிக்க எழுதப் படித்ததே வாலிப வயதில்தான்.

1985இல் பால் வெட்டுகிறவர்கள் தலைநகரில் கூடித் தங்களுக்கென ஒரு தேசிய சபை அமைத்தார்கள். அவர்கள் கேட்டதைக் கவனியுங்கள். "காட்டைத் துண்டு போட்டு ஆளுக்கொரு காணி தாருங்கள்" என்று கேட்கவில்லை. ஏன் தெரியுமா? ஒரு குடும்பம் பிழைக்க மூன்று நடைபாதை மரங்களாவது வேண்டும். அது முந்நூறு ஹெக்டேயர் அளவுக்குப் பரந்து கிடக்கும். வேலி போட்டுச் சின்னத் துண்டாக்கினால் பாதையும் அறுந்துபோகும், பிழைப்பும் அறுந்துபோகும். அதனால், "காணி அரசாங்கத்தின் பேரில் இருக்கட்டும். குடியிருந்து, காட்டை அழிக்காமல் பாலும் பிறேசில் கொட்டையும் எடுத்துப் பிழைக்கும் உரிமை எங்களுக்கும் பிள்ளைகளுக்கும் வேண்டும். யாரும் விற்கவும் கூடாது" என்றார்கள். ஆதிவாசிகளுக்கு அவர்களுடைய நிலம் பாதுகாக்கப்பட்டதைப் பார்த்தே இந்த யோசனை வளர்ந்தது. பழைய பகையை மறந்து இரு தரப்பும் "காட்டு மக்கள்" என்ற ஒரே பெயரில் கைகோத்தார்கள். என் மனசைத் தொட்ட இடம் இதுதான்.

1988 ஒக்டோபரில் வந்த பிறேசிலின் புதிய அரசியலமைப்பு, 231ஆம் பிரிவில், ஆதிவாசிகள் வழிவழியாக இருக்கும் நிலத்தில் அவர்களுக்கு ஆதி உரிமை உண்டென்று ஏற்றுக்கொண்டது. அதே ஆண்டு டிசம்பர் 22ஆம் திகதி சிக்கோ மெண்டிசை அவர் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொன்றார்கள். அவருக்கு வயது 44. பண்ணைக்காரர் ஒருவருக்கும் அவர் மகனுக்கும் 1990இல் 19 ஆண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது. அதே ஆண்டு மார்ச்சில் அவர் பெயராலேயே 9 இலட்சம் ஹெக்டேயருக்கு மேற்பட்ட காடு அந்த ஜனங்களுக்கென ஒதுக்கப்பட்டது. 1992இல் யனோமாமி ஆதிவாசிகளின் 96 இலட்சம் ஹெக்டேயர் நிலமும் சட்டப்படி உறுதியானது.

எல்லாம் சுபமாக முடிந்தது என்று சொன்னால் அது பொய். றப்பர் விலை விழுந்தபோது, ஒதுக்கிய காட்டுக்குள்ளேயே மாடு வளர்க்கத் தொடங்கியவர்கள் உண்டு. யனோமாமி நிலத்துக்குள் தங்கம் தோண்டுகிறவர்கள் புகுந்து ஆற்றில் பாதரசத்தைக் கலந்தார்கள். 1988இல் எங்கே இருந்தீர்களோ அந்த நிலம் மட்டுமே உங்களுக்கு என்ற வாதத்தை உச்ச நீதிமன்றம் 2023 செப்டெம்பரில் தள்ளியது. அதே ஆண்டு முடியுமுன்னே பாராளுமன்றம் அதே வாதத்தைச் சட்டமாக்கியது. உரிமை ஒரு தரம் கையில் வந்தால் போதாது, தினமும் காவல் காக்க வேண்டும். உரிமையோடு பிழைப்புக்கு நியாய விலையும் வேண்டும். இதை உணர்ந்துதான் ஆக்ரே மாநிலம் 1999இல் றப்பருக்கு மேலதிகப் பணம் கொடுக்கச் சட்டம் செய்தது.

இதை நம்ம லயத்துக்குக் கொண்டு வருவோம். வீட்டுக் காணி என்று பேச்சு வரும்போது, "கடதாசி பிறகு பார்ப்போம்" என்று விடாதீங்க. உறுதியை வாசிக்கத் தெரிந்த பிள்ளையைக் கொண்டு வாசித்துக் கேளுங்கள். வீட்டுக்காரர் பெயரோடு அம்மாவின் பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள். பக்கத்துக் கிராமத்தாரோடு தண்ணிக்கோ வழிக்கோ தகராறு மூட்ட யாராவது வந்தால், லாபம் யாருக்கு என்று ஒரு நிமிஷம் யோசியுங்கள். பீலித் தண்ணி வருகிற மேட்டுக்காட்டை விறகுக்காக மொட்டையடிக்க வேண்டாம். காடு போனால் ஊற்று வற்றும், குடத்தைத் தூக்கிக்கொண்டு தூரம் நடக்கப்போவது நம்ம பெண்பிள்ளைகள்தான்.

பால் வெட்டியவர்களும் வில் பிடித்தவர்களும் எழுத்து வாசனை இல்லாத காலத்திலேயே ஒன்றாக நின்று ஒரு நாட்டின் சட்டத்தை அசைத்தார்கள். நம்ம பிள்ளைகளோ இன்று பள்ளிக்கூடம் போகிறார்கள். இதை இன்றிரவு அடுப்படியில் அவர்களோடு பேசுங்கள்.