பஸ்தி தவாகானாவின் கதவு திறந்திருக்கும் நேரம்

(ஹைதராபாத் வாழ் தமிழ்த் தோழர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'பஸ்தி தவாகானா' என்னும் பெயரைத் தமிழாக்குவது எளிதன்று. தவா என்றால் மருந்து. கானா என்றால் இல்லம். சொல்லுக்குச் சொல் வைத்தால் 'மருந்தகம்'. ஆனால் தமிழ்நாட்டில் மருந்தகம் என்பது மருந்துக் கடை. ஊர் மாறினால் சொல்லுக்குப் பொருள் மாறிவிடுகிறது. மக்கள் நல்வாழ்வுத் திட்டங்களுக்கும் இதுவே நேர்கிறது.

தில்லியில் 2015இல் தொடங்கிய மொஹல்லா கிளினிக்கின் கருத்துதான் 2018 ஏப்ரலில் இந்நகருக்கு வந்தது. நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம் சுமார் 50,000 பேருக்கு ஒன்று என்பது தேசிய அளவுகோல். தவாகானாவோ 5,000 முதல் 10,000 பேருக்கு ஒன்று என வகுக்கப்பட்டது. ஒரு மருத்துவர், ஒரு செவிலியர், ஓர் உதவியாளர். இடம் பெரும்பாலும் மாநகராட்சியின் சமுதாயக் கூடம்.

இடமாற்றத்தில் சில மாறுதல்கள் நன்மையாகவே அமைந்தன. தில்லியில் மருத்துவருக்குத் தலைக்கு இவ்வளவு என்று ஊதியம். முதலில் 30 ரூபாய், பின்னர் 40. வரிசை விரைவாக நகர்ந்தால் வருமானம் கூடும். நோயாளியின் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்கும் மருத்துவருக்கு நட்டம்! ஹைதராபாத்தில் மாத ஊதியம் என்றாக்கினர். பஸ்தியில் எடுக்கப்படும் இரத்த மாதிரி நாராயணகூடாவிலுள்ள அரசின் மையப் பரிசோதனைக் கூடத்துக்குச் சென்று, கட்டணமின்றி முடிவு வருகிறது. தனியார் ஆய்வகத்தில் ஒரு வாரக் கூலியை இழந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

மாறாமல் போனது நேரம். காலையில் திறந்து மாலைக்குள் மூடும் நிலையத்துக்குக் கட்டடத் தொழிலாளி எப்போது வருவார்? அரை நாள் கூலியை விட்டால்தான் 'இலவச' மருத்துவம் கிட்டும். சர்க்கரை நோய்க்கும் இரத்தக் கொதிப்புக்கும் மாதந்தோறும் மாத்திரை வாங்க வேண்டியவர் எத்தனை அரை நாட்களை இழப்பார்? தமிழ்நாட்டில் 2023இல் திறக்கப்பட்ட நகர்ப்புற நலவாழ்வு மையங்களுக்குக் காலை 8 முதல் 12, மாலை 4 முதல் 8 என நேரம் வகுத்தனர். 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' மாத்திரையை வீட்டுக்கே கொண்டு சென்றது. தில்லியிலிருந்து கற்றவர்கள் சென்னையிலிருந்தும் கற்கலாமே!

மொழியும் அப்படியே. பலகை தெலுங்கிலும் உருதுவிலும் இருக்கலாம். ஒடிசாவிலிருந்து செங்கல் சூளைக்கு வந்தவருக்கு அவை இரண்டும் அந்நியம். ஒரு நாளைக்கு எத்தனை மாத்திரை, உணவுக்கு முன்னா பின்னா என்பதை அவர் மொழியில் சொல்வதற்கு ஆளில்லை. ஆஷா ஊழியர்தான் இவ்விடைவெளியை நிரப்பக்கூடியவர். அவரும் கிராமத்துக்கென 2005இல் உருவாக்கப்பட்டு, பின்னர் நகரத்துக்குக் கொண்டுவரப்பட்டவரே. கிராமத்தில் சுமார் 1,000 பேருக்கு ஒருவர் என்றிருந்தது நகரத்தில் 2,500 பேர் வரை போகலாம் என்றானது. வாடகை ஏறும்போதெல்லாம் வீடு மாறும் மக்களைத் தேடிக் கண்டுபிடிக்கும் உழைப்புக்கு ஊதியமில்லை, ஊக்கத்தொகையே. ஆகவே ஆஷாக்களின் நிரந்தர ஊதியப் போராட்டத்தைச் சங்கக் கோரிக்கை என்று மட்டும் நாம் பார்க்கலாகாது.

தோழர்கள் தத்தம் பஸ்தியில் மாலை நேரப் பிரிவு கோரிக் கையெழுத்து திரட்டும்போது, கூலி வேலையிலிருந்து திரும்புவோரை அவர்கள் வீடு திரும்பும் வேளையிலேயே சந்தியுங்கள். எந்நேரம் திறந்திருந்தால் வர இயலும் என்று அவர்களையே கேட்டு, அந்நேரத்தை மனுவில் எழுதுங்கள்.