காங்கேசன்துறை வரை ஒரு மேசைப் பாதை



மாதிரி ரயில் பாதை கட்டும் கலையைப் பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். பலகையில் தண்டவாளம் பதித்து, ஓரத்தில் ஸ்டேசனும் குன்றும் மரமும் அமைத்து, அதிலே கையளவு ரயிலை ஓட்டுகிற வேலை. புறக்கோட்டைக் கடைகளில் வாங்கிக் கொடுக்கும் பற்றரி ரயில் நிலத்தில் வட்டமடிப்பதைத்தான் எங்களில் பலர் கண்டிருப்போம். அதனால் இது சிறுபிள்ளை விளையாட்டு என்ற எண்ணம் எங்களுக்கு இருக்கிறது. மேல்நாடுகளில் வளர்ந்தவர்கள் இதற்கென்று சங்கம் வைத்திருக்கிறார்கள். லண்டனில் 1910ஆம் ஆண்டு தொடங்கிய மொடல் ரயில்வே கிளப்தான் இவற்றுள் உலகிலேயே பழையது. தச்சு வேலை தெரிந்தவர், மின்சாரம் தெரிந்தவர், ஓவியம் தெரிந்தவர், பழைய நேர அட்டவணைகளைத் தேடிச் சேர்ப்பவர் என்று பலர் கூடி ஆண்டுக்கணக்கில் ஒரே பாதையைக் கட்டுவார்கள். பிறகு அதைக் கழற்றி வான் வண்டியில் ஏற்றி, ஊர் ஊராகக் கண்காட்சிகளுக்குக் கொண்டுபோவார்கள்.

லண்டனில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்கள் எங்கள் பக்கத்தில் நிறையப் பேர். வத்தளையிலும் ஹெந்தளையிலும் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் அப்படி ஒருவர் இல்லாத குடும்பம் குறைவு. அங்கே அலெக்சாண்ட்ரா பலஸ் மண்டபத்தில் இப்படியான பெரிய கண்காட்சி நடப்பதுண்டு. போக நேர்ந்தால் எதைப் பார்ப்பது, எதை வைத்து நல்லது என்று சொல்வது? அதைச் சொல்லத்தான் இந்த உரை.

முதலில் பலகைகள் பொருந்தும் இடத்தைக் குனிந்து பாருங்கள். கண்காட்சிக்கு வரும் பாதை ஒரே துண்டாக இருக்காது. ஏறக்குறைய நாலடிப் பலகைகளாகப் பிரிந்து வந்து, மண்டபத்தில் கால் பூட்டி, போல்ட் முடுக்கி ஒன்றாகும். தண்டவாளத்தின் உயரமோ இரண்டு, இரண்டரை மில்லிமீற்றர்தான். இரண்டு பலகைகளின் தண்டவாள நுனிகள் அரை மில்லிமீற்றர் விலகினாலே சில்லு தடம் புரளும். ஆகையால் பலகை விளிம்பில் பித்தளை முளைகள் வைத்து, தண்டவாள நுனியைச் செப்புத் தகட்டில் ஈயம் வைத்து ஒட்டியிருப்பார்கள். பலகைக்கு அடியில் ஒவ்வொரு கம்பிக்கும் நிறமும் இலக்கமும் இருக்கும். பார்வையாளர் கண்ணுக்கே படாத இடம் இது. இங்கே ஒழுங்கு இருந்தால் அந்தச் சங்கத்தை நம்பலாம்.

இரண்டாவது, வேகம். மலைநாட்டுப் பாதையில் மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் ஏறும் எங்கள் ரயிலை, பிரித்தானியாவில் அதிகம் புழங்கும் 76இல் ஒரு பங்கு அளவில் செய்தால், அது நொடிக்கு 11 சென்ரிமீற்றர்தான் நகர வேண்டும். அவ்வளவு மெதுவாக, திக்காமல், நிற்காமல் ஒரு சின்ன இஞ்சினை ஓட்டுவது சுலபமான காரியமல்ல. தண்டவாளத்தில் ஒரு பொட்டுத் தூசி இருந்தாலும் மின்சாரம் அறுந்துவிடும். விர்ரென்று பறக்கும் ரயில் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெல்லப் புறப்பட்டு, பெட்டி பெட்டியாக இழுபட்டு, நடைமேடையில் சொன்ன இடத்தில் நிற்கும் ரயில்தான் கைத்திறனுக்குச் சான்று.

மூன்றாவதுதான் எனக்கு எல்லாவற்றிலும் முக்கியம். ரயில் வராத நேரத்தில் அந்தப் பாதை எப்படி இருக்கிறது? கூத்து மேடையில் திரைக்குப் பின்னால் ஆட்டக்காரர் தங்கள் முறைக்குக் காத்திருப்பதைப் போல, நல்ல மாதிரிப் பாதையில் பின்னணிப் படத்துக்கு அப்பால் நாலைந்து தண்டவாளங்களில் அடுத்தடுத்த ரயில்கள் காத்துக்கொண்டிருக்கும். முன்னால் தெரிவது ஒரு ஊர். அந்த ஊருக்கு எப்போது எது வரவேண்டுமோ அது மட்டும் வரும். இடைப்பட்ட வேளையில் ஸ்டேசன் வெறுமையாகக் கிடக்கும். அந்த வெறுமையைப் பார்த்துக்கொண்டு நிற்க மனம் வந்தால் அந்த ஊரைக் கட்டியவர்கள் வென்றுவிட்டார்கள்.

சில சங்கங்கள் பாதையின் இரு முனைகளிலும் மணி வைத்திருக்கின்றன. ஒரு முனையில் இருப்பவர் மணியடித்துக் கேட்பார், மறுமுனையில் இருப்பவர் மணியடித்து இசைவு தருவார். அதன் பிறகுதான் ரயில் நகரும். எங்கள் மலைநாட்டு ஒற்றைப் பாதையில் ஸ்டேசன் மாஸ்டர் வளையத்தில் கோர்த்த டப்லட்டைச் சாரதியிடம் நீட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இதன் பொருள் உடனே விளங்கும். அந்த டப்லட் கைக்கு வராமல் ரயில் அடுத்த ஸ்டேசனுக்குப் போக முடியாது. இந்த ஒழுங்கையும் சேர்த்துக் கட்டும்போதுதான் அழகான பொம்மை ஒரு ரயில்வேயாகிறது.

இந்தக் கலையின் உச்சம் எது என்று கேட்டால் ஒக்ஸ்போர்ட் பக்கத்தில், லோங் விட்டன்ஹம் என்ற கிராமத்தில் இருக்கும் பென்டன் அருங்காட்சியகத்தைச் சொல்வேன். ரோய் இங்லண்ட் என்பவர் 1925இல் அவுஸ்திரேலியாவிலிருந்து வந்த இளைஞர். அந்த வட்டாரத்து வைக்கோல் கூரை வீடுகளில் மனதைப் பறிகொடுத்தவர். அவை ஒவ்வொன்றாக மாறிப்போவதையும் கண்டார். அழிந்துவிடும் முன் ஒவ்வொன்றையும் அளந்து, படம் எடுத்து, அட்டையில் அதேபோலச் செய்துவைக்கத் தொடங்கினார். 1954இல் அது அருங்காட்சியகமானது. இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட கால ஆங்கிலக் கிராமம் அங்கே வேலி, தோட்டம், கூரையின் பழுது உட்பட நிற்கிறது. மாதிரிப் பாதையில் நிலத்தோற்றத்துக்கு முதலிடம் கொடுத்த முன்னோடி ஜோன் அஹெர்ன் கட்டிய மாடர் வலி பாதையும் இப்போது அங்கேதான் இருக்கிறது. லண்டன் சங்கம் 1980களில் தொடங்கி இன்னும் வளர்த்துக்கொண்டிருக்கும் கோபன்ஹேகன் பீல்ட்ஸ் என்ற பாதையும் இதே வழியில் வந்தது. கிங்ஸ் குரொஸ் ஸ்டேசனுக்குப் பின்புறத்து வடலண்டன் தெருக்களையும், மாட்டுச் சந்தையின் மணிக்கூட்டுக் கோபுரத்தையும் அது 152இல் ஒரு பங்காகக் காட்டுகிறது.

ஜெர்மனியின் ஹம்பர்க் நகரில் 2001இல் திறந்த மினியேச்சர் வுண்டர்லாண்ட் இவற்றைவிடப் பன்மடங்கு பெரியது. ஆல்ப்ஸ் மலை, விமான நிலையம் என்று எல்லாம் உண்டு. பொறியியல் வியப்புத்தான், மறுக்கவில்லை. ஆனாலும் ஒரே ஊரின் ஒரே ஆண்டைக் கெட்டியாகப் பிடித்திருக்கும் சின்னப் பாதை எனக்கு அதைவிட மேலானது. இந்தியாவிலே புனே நகரில் ஜோஷி அவர்கள் தம் வாழ்நாள் உழைப்பை 1998இல் சிறு ரயில் அருங்காட்சியகமாகத் திறந்தார். பகல் மங்கி இரவாகி விளக்குகள் எரியும் அந்தக் கற்பனை நகரம், தெற்காசியாவிலும் இதற்கு இடம் உண்டு என்று காட்டியிருக்கிறது.

சரி, எங்கள் நாட்டுப் பாதைகளை இப்படிக் கட்ட முடியுமா? ஒரு தடை இருக்கிறது. இலங்கையின் தண்டவாள அகலம் ஐந்தரை அடி. 76இல் ஒரு பங்கு அளவில் அது 22 மில்லிமீற்றர் ஆகும். கடையில் கிடைக்கும் தண்டவாளமோ 16.5 மில்லிமீற்றர். அதையே பதித்தால் எங்கள் ரயில் ஒடுங்கிய பாதையில் தத்தளிப்பதுபோலத் தெரியும். மனம் ஒப்பாதவர்கள் சிலிப்பர்க் கட்டைகளை வெட்டி, தண்டவாளத்தைத் தாங்களே பதிக்க வேண்டும். கொழும்பின் கடற்காற்றில் இரும்புத் தண்டவாளம் துருப்பிடிக்கும் என்பதால் நிக்கல் கலந்த வெண்ணிற உலோகத் தண்டவாளமே உகந்தது. பலகையும் ஈரத்தில் வளையாதபடி இரு பக்கமும் வார்னிஷ் கேட்கும்.

பழைய களனிவெளிப் பாதைக்கு அந்த அகலச் சிக்கல் கிடையாது. நுகேகொடை வழியாக அவிசாவளைக்குப் போகும் அந்தப் பாதை 1990களில் அகலமாக்கப்படும்வரை இரண்டரை அடிப் பாதையாக இருந்தது. 87இல் ஒரு பங்கு அளவில் அது ஏறத்தாழ 9 மில்லிமீற்றர் ஆகிறது. மிகச் சிறிய ரயில்களுக்கென்று கடையில் விற்கும் தண்டவாளமும் 9 மில்லிமீற்றர்தான்.

மலைநாட்டுப் பாதை இன்னொரு வகையில் எங்களுக்குக் கைகொடுக்கிறது. உலகெங்கும் இந்தக் கலைஞர்களை வாட்டும் பிரச்சினை வளைவுதான். இங்கிலாந்தின் ஒரு பெரும்பாதையின் வளைவுக்கு அரை மைல் ஆரை என்றால், அதை அப்படியே சுருக்கினாலும் பத்து மீற்றருக்கு மேல் ஆரை வேண்டும். எந்த வீட்டில் இடம் இருக்கிறது? எல்லோரும் வளைவை இறுக்கி, உண்மையிலிருந்து விலகித்தான் கட்டுகிறார்கள். எங்கள் மலைநாட்டுப் பாதையிலோ மிக இறுக்கமான வளைவுகளின் ஆரை ஐந்து சங்கிலி, அதாவது 100 மீற்றர். சுருக்கினால் 1.32 மீற்றர்! ஒரு மண்டபத்தில் தாராளமாக அடங்கும். ஏற்றமும் 44க்கு ஒன்று. அந்த ஆரையில் ஒரு முழுச் சுற்று 8.3 மீற்றர் நீளம் வரும், அதற்குள் பாதை 19 சென்ரிமீற்றர் உயர்ந்துவிடும். தெமோதரை ஸ்டேசனுக்கு அடியில் அதே பாதை சுரங்கத்தில் நுழைந்து போகிறதல்லவா, அந்த அற்புதத்தைக் கட்ட இவ்வளவு உயரம் போதும். எல்லவுக்கு அப்பால் 1921இல் கட்டி முடித்த ஒன்பது வளைவுப் பாலம் 91 மீற்றர் நீளம். பலகையில் அது 1.2 மீற்றர்தான். அளவில் பொய் சொல்லாமல் ஒரு மலைப்பாதையைக் கட்டும் வாய்ப்பு உலகில் எத்தனை பேருக்கு இருக்கிறது?

வெள்ளவத்தைத் தொடர்மாடியில் இருப்பவர் மண்டபத்துக்கு எங்கே போவார் என்று கேட்கலாம். அலன் ரைட் என்ற ஆங்கிலேயர் வகுத்த ஒரு சின்ன அமைப்பு இருக்கிறது. மூன்று பக்கத் தண்டவாளங்கள். ஒன்றில் ஐந்து வாகன் நிற்கும், மற்ற இரண்டிலும் மும்மூன்று. மொத்தம் எட்டு வாகன். அவற்றில் குலுக்கலில் விழும் ஐந்தை, விழுந்த வரிசையிலேயே கோர்க்க வேண்டும். 6720 வரிசைகள் வரக்கூடும். சுவர் ஓரத்து ஒற்றைப் பலகையில் அடங்கும் இந்தப் பாதையில் ஒருவர் ஆண்டுக்கணக்கில் வேலை செய்யலாம்.

என் மனதில் இருக்கும் பாதை வேறு. அது காங்கேசன்துறை.

வடக்குப் பாதை 1905இல் காங்கேசன்துறையைக் கொழும்போடு இணைத்தது. 1956இல் யாழ்தேவி ரயில் ஓடத் தொடங்கியது. 1990இல் போரினால் எல்லாம் நின்றது. வலிகாமம் வடக்கு மக்கள் ஊரைவிட்டுப் பெயர்ந்தார்கள். தண்டவாளமும் சிலிப்பர்க் கட்டையும் பதுங்குகுழிகளுக்குப் போயின. 2014 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்துக்கும், 2015 ஜனவரியில் காங்கேசன்துறைக்கும் ரயில் திரும்பியது. திரும்பியது புதிய பாதை, புதிய கட்டடம். அந்தப் பழைய ஸ்டேசன் முற்றம் இன்று நினைவில் மட்டும்தான் இருக்கிறது.

கண்காட்சிப் பாதைக்கு அதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது. பாதை முடியும் கடைசி ஸ்டேசன் அது. ஆகவே ஒரு பக்கம் மட்டும் ரயில் மறைந்தால் போதும். ஒரு புறம் கடலும் வெளிச்சவீடும் துறைமுகமும். மறுபுறம் அந்நாளில் இயங்கிய சீமெந்துத் தொழிற்சாலை. முருங்கனிலிருந்து களிமண் ஏற்றிய வாகன்கள் உள்ளே வர, சீமெந்து ஏற்றியவை வெளியே போகும். பயணிகள் ரயிலுக்கும் சரக்கு ரயிலுக்கும் நாள் முழுக்க வேலை இருக்கும். கனடா கொடுத்த எம்2 வகை டீசல் இஞ்சின்கள் 1954 முதல் இலங்கைக்கு வந்தன, அந்த நாட்டின் மாகாணப் பெயர்களைத் தாங்கி. ஒன்டாரியோ, அல்பேர்ட்டா என்று அந்த இஞ்சின் பக்கத்தில் ஓரிரு மில்லிமீற்றர் உயர எழுத்தில் எழுதவே ஒரு கை பழக வேண்டும். ஏறத்தாழ கால் மீற்றர் நீளப் பெட்டிகளாகப் பத்துக் கோர்த்தால் யாழ்தேவி இரண்டரை மீற்றர் நீளும். நடைமேடையும் அந்த நீளம் வேண்டும். இவ்வளவையும் ஒருவர் தனியாகச் செய்ய முடியாது. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருப்பவர்கள் ஆளுக்கு ஒரு பலகை என்று பிரித்துக்கொள்ளலாம். விளிம்பின் அளவும் முளையின் இடமும் முன்கூட்டியே தீர்மானித்தால், எங்கோ கட்டிய பலகைகள் ஒரு மண்டபத்தில் வந்து பொருந்தும்.

காலம்தான் எங்களிடம் குறைவாக இருக்கிறது. 1970இல் இருபது வயதில் அந்த ஸ்டேசனில் வேலைக்குச் சேர்ந்தவர் இன்று எழுபத்தைந்தைத் தாண்டியிருப்பார். தண்ணீர்த் தாங்கி எந்தப் பக்கம் நின்றது, சீமெந்துப் பாதை எங்கே பிரிந்தது, கூரை என்ன நிறம் என்று அவரிடம்தான் கேட்க வேண்டும். உங்கள் வீட்டில் ஓய்வுபெற்ற கார்ட் ஒருவர், சாரதி ஒருவர், போர்ட்டர் ஒருவர் இருந்தால் ஒரு கடதாசியையும் பென்சிலையும் கொடுத்து, முற்றத்தைக் கீறித் தரச் சொல்லுங்கள். கோணல்மாணலாக இருந்தாலும் பரவாயில்லை. கலியாண அல்பம், பாடசாலைச் சுற்றுலாப் படம், வழியனுப்பிய நாளில் எடுத்த படம் எதிலாவது மனிதருக்குப் பின்னால் ஸ்டேசனின் ஒரு தூணோ ஒரு சன்னலோ விழுந்திருக்கும். அந்தப் படத்தை எறிந்துவிடாதீர்கள். பின்புறத்தில் மெல்லிய பென்சிலால் ஆண்டையும், படம் எடுத்தவர் எந்தத் திசையைப் பார்த்து நின்றார் என்பதையும் எழுதி வையுங்கள்.