ஊரும் நிலத் திட்டமும்



உள்ளாட்சி மன்றம் என்றவுடன் தெருவிளக்கும் குடிநீர்க் குழாயுமே நம் நினைவுக்கு வருகின்றன. முப்பது ஆண்டுகளுக்குப் பின் எது வயலாக நீடிக்க வேண்டும், எங்கே வீடுகள் எழலாம் என்று முன்கூட்டி எண்ணுவதும் ஊராள்வோர் கடமையே. ஆலங்குடி வட்டாரத்தைக் கொண்டே இதனை விளக்கலாம்.

ஆலங்குடியிலிருந்து வடகாடு, கீரமங்கலம் பக்கம் செல்வோர் பலாவும் தென்னையும் மலர்த் தோட்டங்களும் செழித்திருக்கக் காண்பர். அச்செழுமை பெரிதும் நிலத்தடி நீரால் வந்தது. அருகிலுள்ள நெடுவாசலில் ஹைட்ரோகார்பன் எடுக்கும் திட்டத்திற்கு 2017 பிப்ரவரியில் மத்திய அரசு ஒப்புதல் அளித்தபோது, உழவர்களும் மாணவர்களும் திரண்டு மாதக்கணக்கில் போராடினர். பின்னர், 2020-இல் தமிழக அரசு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தை இயற்றியது. புதுக்கோட்டை மாவட்டத்தில் திருவரங்குளம், கறம்பக்குடி உள்ளிட்ட ஐந்து ஒன்றியங்கள் அதில் இடம்பெற்றன. புதிய எண்ணெய், எரிவாயுக் கிணறுகளும் தோல் பதனிடும் ஆலை முதலிய சில தொழில்களும் அங்கே தடுக்கப்பட்டன.

இனி அஞ்சுவதற்கில்லை என்று கருதுவார் உளர். அக்கருத்து எனக்கு உடன்பாடன்று. அச்சட்டம் பெயர் சுட்டிய தொழில்களையே தடுக்கிறது; வயல்கள் சிறிது சிறிதாக வீட்டு மனைகளாவது அதன் தடைப்பட்டியலில் இல்லை. ஒரு வரத்து வாய்க்காலை மனைப்பிரிவு ஒன்று மறித்துவிட்டால், தொலைவிலுள்ள கண்மாய் வறண்டுபோகும். கண்மாய் வறண்டால் சுற்றியுள்ள கிணறுகளுக்கு ஊற்று ஏது? ஆலை வந்தால் ஊர் திரளும். மனைக்கல் நடும்போது எவரும் திரள்வதில்லை.

இங்கேதான் திட்டம் வேண்டும். சென்னை மாகாணத்தில் 1920-லேயே நகரமைப்புச் சட்டம் தோன்றியது. இன்று வழங்குவது 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டம். அதன்படி வகுக்கும் முழுமைத் திட்டம் குடியிருப்பு, வணிகம், தொழில், வேளாண்மை என நிலத்தைப் பாகுபடுத்தும். வரைவை வெளியிட்டபின் பொதுமக்கள் ஆட்சேபம் தெரிவிக்க இரண்டு மாதத்திற்குக் குறையாத அவகாசம் உண்டு. அறிவிப்பு முழுதும் புல எண்களாக இருப்பதால் கற்றவரும் படியாது விடுகின்றனர். நம் வயலின் விதி அந்த எண்களுக்குள்ளேதான் ஒளிந்திருக்கிறது!

வாய்க்காலோ ஊராட்சி எல்லையை அறியாது. மேலூரார் மறித்ததைக் கீழூரார் தீர்மானம் போட்டுத் திறத்தல் இயலாது. ஆகவேதான் 1992-ஆம் ஆண்டு அரசியலமைப்புத் திருத்தம், ஊரகத்தையும் நகரையும் இணைத்து எண்ண, மாவட்டத் திட்டக் குழுவை ஏற்படுத்தியது. அதன் உறுப்பினரில் ஐந்தில் நான்கு பங்கினர்க்குக் குறையாமல், தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சி உறுப்பினர்கள் தமக்குள் தேர்ந்தெடுப்பவராக இருத்தல் வேண்டும்.

விடுமுறை நாளில் உங்கள் ஊரின் கிராம வரைபடத்தைக் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டுப் பாருங்கள். வரத்து வாய்க்காலைத் தலைப்பிலிருந்து கண்மாய் வரை நடந்து, வரைபடத்தில் உள்ளதும் தரையில் உள்ளதும் எங்கே வேறுபடுகின்றன என்று புல எண்ணோடு குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த கிராம சபையில் அந்தக் குறிப்பைப் பெரியவர் ஒருவர் கையில் கொடுத்து வாசிக்கச் சொல்லலாம்.