எந்த மரக்காலால் அளந்தார்கள்?



சிறைக்குப் போனவன் திருந்தமாட்டான் என்பார்கள். அமெரிக்கக் கணக்கையும் காட்டுவார்கள். அதை நாம் பிரித்துப் பார்ப்போம்.

2005-ல் அங்கே 30 மாநிலங்களில் விடுதலையான 4 லட்சம் கைதிகளை அந்த நாட்டு நீதித்துறையின் புள்ளிவிவரப் பிரிவு 5 ஆண்டுகள் கவனித்தது. நூற்றுக்கு 77 பேர் மறுபடி கைதானார்கள். ஆனால் கோர்ட்டில் குற்றம் ருசுவானது 55 பேர் மீதுதான். புதுத் தண்டனையோடு பெரிய சிறைகளுக்குப் போனவர்கள் 28 பேர்.

அதே ஆட்கள், அதே 5 ஆண்டு! கூலி அளக்க ஒரு மரக்கால், குத்தகை அளக்க ஒரு மரக்கால் வைத்திருந்த மிராசுதாரை நாம் அறியோமா? போலீஸ் பிடித்தவனெல்லாம் குற்றவாளி என்றால், வேலைநிறுத்தத்தில் லாக்கப்பில் கிடந்த நம்மவர்கள் யார்?

போதை சிகிச்சைக் கணக்கிலும் இந்தச் சூதுக்கு இடமுண்டு. பாதியில் போனவர்களை ஏட்டிலிருந்து அடித்துவிட்டு, முடித்தவர்களை மட்டும் எண்ணினால் எந்த நிலையமும் வெற்றிதான்.

அமெரிக்கக் கணக்கு, போலீஸ், கோர்ட், சிறை ஏடுகளிலிருந்து எடுத்தது. வெளியே வந்தவனுக்கு வேலை கிடைத்ததா? அந்த ஏடுகளில் அது ஏது! வேலை தரச் சம்மதித்த பிறகே பழைய தண்டனை பற்றி முதலாளி கேட்கலாம் என்று ஹவாய் மாநிலம் 1998-ல் சட்டம் செய்தது. மற்ற மாநிலங்களிலும் அதைக் கேட்டுப் போராடியவர்களில் பலர் சிறை மீண்டவர்களே.