லைசென்சு மனிதனுக்கா, மோட்டாருக்கா?

(விழுப்புரத்தில் எழுந்த ஒரு கேள்விக்குப் பதிலாகத் திண்டிவனத்தில் செய்த சொற்பொழிவின் சாரம்)



துப்பாக்கிச் சட்டத்தைப் பற்றிப் பேச நாம் வக்கீலும் அல்ல, போலீஸ் உத்தியோகஸ்தரும் அல்ல. ஆனாலும் முந்தாநாள் விழுப்புரத்தில் வேறொரு விஷயமாகப் பேசிவிட்டு உட்கார்ந்தவுடன் ஒரு தோழர் எழுந்து ஒரு கேள்வி கேட்டார். அதற்கு அங்கு அரைகுறையாகத்தான் பதில் சொல்ல முடிந்தது. இரண்டு நாளாகச் சட்டப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு இன்று இங்கு முழுப் பதில் சொல்லலாம் என்று வந்திருக்கின்றோம்.

அவர் கேட்டது இதுதான். அவர் ஊரில் ஒரு கனவான் லைசென்சு உள்ள கைத்துப்பாக்கி வைத்திருக்கின்றாராம். மோட்டாரையும் அவரே ஓட்டுவாராம். கலியாணம், கருமாதி என்றால் ஊரார் நாலு பேரை ஏற்றிக்கொண்டு போவாராம். துப்பாக்கி டேஷ்போர்டு டப்பாவில் கிடக்குமாம். வழியில் போலீசார் நிறுத்திச் சோதனை போட்டால் கூடப்போகிறவர்கள் கதி என்ன? அவர் இறங்கிப்போன சமயத்தில் நாங்கள் அதைக் கையில் எடுத்தால் என்ன? இதைக் கேட்டதும் சபையில் சிலர் சிரித்தார்கள். நமக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் ஜெயிலுக்குப் போகிறவன் லைசென்சு உள்ள கனவானாய் இருக்கமாட்டான், கூடப்போன ஏழையாய்த்தான் இருப்பான்.

முதலில் சட்டம் எப்படி வந்தது என்று இரண்டொரு வார்த்தை. 1878-ல் வெள்ளைக்காரர் சர்க்கார் ஒரு ஆயுதச் சட்டம் செய்தது. அதில் இந்தியனுக்கு லைசென்சு வேண்டும், ஐரோப்பியனுக்கு வேண்டாம். தோலின் நிறத்தைப் பார்த்துத் துப்பாக்கி கொடுத்த சட்டம் அது. சுயராஜ்யம் வந்த பிறகு 1959-ல் புதுச் சட்டம் செய்யப்பட்டு, 1962 அக்டோபர் 1-ந் தேதி முதல் அமலுக்கு வந்தது. இன்றைக்கும் நடப்பது அதுதான்.

அந்தச் சட்டத்தின் 3-வது பிரிவு, லைசென்சு இல்லாமல் எவனும் துப்பாக்கியை வாங்கவோ, வைத்திருக்கவோ, எடுத்துச்செல்லவோ கூடாது என்கின்றது. லைசென்சு ஒரு மனிதன் பேருக்குக் கொடுக்கப்படுகின்றதே ஒழிய அவன் மோட்டாருக்கோ, வீட்டுக்கோ, மைத்துனனுக்கோ கொடுக்கப்படுவதில்லை. நம் ஜனங்கள் நினைத்துக்கொண்டிருப்பது என்னவென்றால், “துப்பாக்கிக்கு லைசென்சு இருக்கிறது, ஆகவே யார் தொட்டாலும் தோஷமில்லை” என்பதுதான். ஆயுத பூஜை நாளில் துப்பாக்கிக்குச் சந்தனம் குங்குமம் பூசிப் பிள்ளைகுட்டிகளெல்லாம் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் வீடுகள் இருக்கின்றன. 21 வயது ஆகாதவன் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்று அதே சட்டத்தின் 9-வது பிரிவில் எழுதியிருப்பதை அங்கே யாரும் படிப்பதாகத் தெரியவில்லை.

இந்த 3-வது பிரிவுக்கு ஒரு விலக்கு உண்டு. லைசென்சு உள்ளவன் கூட இருக்கும்போது, அல்லது அவன் எழுத்துமூலம் அதிகாரம் கொடுத்திருந்தால், லைசென்சு இல்லாதவனும் துப்பாக்கியை எடுத்துச்செல்லலாம். ஆனால் அது மூன்று காரியங்களுக்கு மட்டுமே: ரிப்பேருக்கு, லைசென்சைப் புதுப்பிப்பதற்கு, அல்லது லைசென்சுக்காரன் தானே உபயோகிப்பதற்கு. “இதைக் கொஞ்சம் பிடி, நான் ஏறிக்கொள்கிறேன்” என்று அவர் சொல்லி நீங்கள் பிடித்தால் அது இந்த விலக்குக்குள் வரும். “கொடுங்கள், எப்படி இருக்கிறதென்று பார்ப்போம்” என்று நீங்கள் கேட்டு வாங்கினால் வக்கீல் உங்களுக்காக வாதாடலாம். ஆனால் வேடிக்கை பார்ப்பதற்கு என்று நான்காவது காரியம் சட்டத்தில் எழுதப்படவில்லை.

இனி, அவர் விக்கிரவாண்டியில் மோட்டாரை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போகின்றார் என்று வைத்துக்கொள்வோம். துப்பாக்கி டப்பாவில், டப்பாவின் சாவி வண்டியில், வண்டிக்குள் நீங்கள். அவர் கூடவும் இல்லை, எழுத்தும் இல்லை. இப்பொழுது துப்பாக்கி யார் வசம் இருக்கின்றது? இதற்குச் சுப்ரீம் கோர்ட்டு 1972-ல் குன்வந்த்லால் என்பவர் வழக்கில் வழி சொல்லியிருக்கின்றது. வசம் என்றால் கையில்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. தன் அதிகாரத்துக்கும் கட்டுப்பாட்டுக்கும் உட்பட்டிருந்தாலும் வசம்தான். ஆனால் இருப்பது தெரிந்து இருக்கவேண்டும். 1994-ல் சஞ்சய் தத் வழக்கிலும் ஐந்து நீதிபதிகள் கூடி, அறிந்து வைத்திருப்பதே வைத்திருப்பது என்று சொன்னார்கள். ஆகவே டப்பாவில் என்ன இருக்கின்றது என்றே தெரியாமல் பின் ஸீட்டில் தூங்கிக்கொண்டு போகிறவனுக்குப் பயமில்லை. தெரிந்தவனுக்குத்தான் சங்கடம்.

அந்தச் சங்கடம் 35-வது பிரிவில் இருக்கின்றது. தோழர்கள் இதைக் கவனமாய்க் கேட்கவேண்டும். பலர் சேர்ந்து இருக்கும் வீட்டிலோ, வண்டியிலோ, வேறு இடத்திலோ ஒரு ஆயுதம் அகப்பட்டு, அந்த ஆயுதம் சம்பந்தமாக ஏதாவது ஒரு குற்றம் நடந்திருந்தால், அங்கு அது இருப்பது தெரியும் என்று நம்ப இடமிருக்கின்ற ஒவ்வொருவனும், தான் ஒருவனே அந்தக் குற்றத்தைச் செய்தது போலப் பொறுப்பாளியாவான். இல்லை என்று ருஜுப்படுத்தும் பாரம் அவன் தலையில்.

ஓட்டுகிறவருடைய லைசென்சு ஒழுங்காக இருந்து, அதன் நிபந்தனைப்படி அவர் நடந்தால், குற்றமே இல்லை. ஆகவே கூடப்போகிறவர்களுக்கும் ஒன்றும் இல்லை. ஆனால் லைசென்சு காலாவதியாகிப் போயிருந்தால்? ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியதை அவர் மறந்திருந்தால்? அது அவர் பெட்டியில் இருக்கும் காகிதம். நீங்கள் கண்ணால் கண்டதில்லை. ஆனால் இந்தப் பிரிவு கேட்பது, லைசென்சு காலாவதியானது உனக்குத் தெரியுமா என்றல்ல, துப்பாக்கி இருந்தது தெரியுமா என்றுதான்.

நம் ஜில்லாக்காரர்களுக்கு இதில் இன்னொரு கண்ணி இருக்கின்றது. விழுப்புரத்திலிருந்து வளவனூர் வழியாகப் புதுச்சேரிக்குப் போகிறவர்களுக்குத் தெரியும்: மதகடிப்பட்டு புதுச்சேரி, கண்டமங்கலம் தமிழ்நாடு, அரியூர் மறுபடியும் புதுச்சேரி. ஒரே ரோட்டில், ஒரு மணி நேரத்துக்குள், எல்லை இத்தனை முறை மாறுகின்றது. எந்த எல்லைவரை லைசென்சு செல்லும் என்று அந்த லைசென்சிலேயே எழுதியிருக்கும். தமிழ்நாடு மட்டும் என்று எழுதியிருந்தால், மதகடிப்பட்டில் அவர் குற்றவாளி, கண்டமங்கலத்தில் யோக்கியர், அரியூரில் மறுபடியும் குற்றவாளி! கூட உட்கார்ந்திருக்கும் உங்கள் நிலையும் அதுதான். கோர்ட்டில், வண்டி ஓட்டினவருடையது, நாங்கள் அதில் கூட்டாக ஆளுகை செய்யவில்லை என்று வாதாட இடமுண்டு, நல்ல வாதந்தான். ஆனால் அது ஜாமீனுக்கும் வாய்தாவுக்கும் அலைந்த பிறகு வரும் வாதம். இப்படி மாட்டிக்கொண்டவன் ஜோசியனிடம் போனால் ஏழரைச் சனி என்பான். சனிக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, 35-வது பிரிவுக்குத்தான் சம்பந்தம்.

அயல்தேசத்தில் எப்படி என்றும் பார்த்தோம். அமெரிக்காவில் நியூயார்க் மாகாணச் சட்டம் நம்முடையதைவிடக் கடுமையானது. மோட்டாரில் துப்பாக்கி இருந்தாலே, அதில் இருந்த எல்லோரும் அதை வைத்திருந்ததாக அனுமானம் செய்யலாம். 1973-ல் வேகமாகப் போன ஒரு மோட்டாரைப் போலீசார் நிறுத்தினார்கள். உள்ளே மூன்று ஆண்களும் 16 வயதுப் பெண் ஒருத்தியும். அந்தப் பெண்ணின் திறந்த கைப்பையில் இரண்டு கைத்துப்பாக்கிகள். நாலு பேருக்கும் தண்டனை. 1979-ல் அந்நாட்டு மேல்கோர்ட்டில் ஐந்து நீதிபதிகள் சரி என்றார்கள், நாலு பேர் தவறு என்றார்கள். பின்பெட்டியில் இருந்த மிஷின் துப்பாக்கிக்கோ ஜூரிகள் அவர்களைத் தண்டிக்கவில்லை. ஆனால் அதே சட்டத்தில் ஒரு நல்ல விலக்கும் உண்டு: வண்டியில் இருப்பவர்களில் ஒருவருக்கு அந்தக் கைத்துப்பாக்கிக்குச் செல்லுபடியான லைசென்சு இருந்தால், மற்றவர்கள்மேல் அந்த அனுமானம் பாயாது. இப்படி ஒரு வாக்கியம் நம் சட்டத்திலும் வெளிப்படையாக இருந்தால் என்ன நஷ்டம் என்று நமக்குத் தெரியவில்லை.

வழியில் கொள்ளைக்காரர்கள் மறித்து, ஓட்டுகிறவர் அடிபட்டு விழுந்து, கூடப்போனவன் அந்தத் துப்பாக்கியை எடுத்துச் சுட்டால்? உயிரைக் காப்பாற்றிக்கொள்ளும் உரிமை பழைய பீனல் கோடிலும் இருந்தது. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகளிலும் இருக்கின்றது. அந்த உரிமைக்கு லைசென்சு வேண்டியதில்லை. ஆபத்து தீர்ந்த பிறகும் துப்பாக்கியை மடியில் கட்டிக்கொண்டு போனால் அது வேறு கணக்கு.

இனித் தண்டனையைப் பாருங்கள். லைசென்சுக்காரர் தம் லைசென்சின் நிபந்தனையை மீறினால் 30-வது பிரிவுப்படி அதிகபட்சம் ஆறு மாதம், அல்லது 2,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். லைசென்சு இல்லாதவன் வைத்திருந்தால், 2019-ல் திருத்திய பிறகு, குறைந்தது இரண்டு வருஷம், கூடினால் ஐந்து வருஷம்; அபராதமும் உண்டு. விசேஷ காரணம் எழுதினால் ஒழிய நீதிபதி அதற்குக் கீழே இறங்க முடியாது. அலட்சியமாக டப்பாவில் போட்டுவிட்டுப் போன கனவானுக்கு 2,000 ரூபாயோடு போகக்கூடும். “இருக்கட்டும், பார்த்துக்கொள்” என்று அவர் சொன்னதற்குத் தலையாட்டினவனுக்கு இரண்டு வருஷம்! லைசென்சு இல்லாமல் துப்பாக்கி திரியக்கூடாது என்பதில் நமக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் எஜமானன் வார்த்தைக்குக் கீழ்ப்படிவதே தர்மம் என்று ஒருவனுக்குத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொடுத்துவிட்டு, கீழ்ப்படிந்ததற்கு எஜமானனைவிட அதிக தண்டனை கொடுப்பது என்ன நியாயம் என்றுதான் கேட்கின்றோம். 3-வது பிரிவுப்படி வழக்குத் தொடர ஜில்லா மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதி வேண்டும் என்று 39-வது பிரிவு சொல்லுகின்றது. அகப்பட்டவனின் உறவினர் கோயிலுக்கு முடி நேர்ந்துகொள்வதை விட்டு, நடந்ததை நடந்தபடி எழுதிக் கலெக்டருக்கு ஒரு மனுப் போடுவது உபயோகமான காரியம்.

(இந்த இடத்தில் ஒரு தோழர் எழுந்து, தாம் சம்பளத்துக்கு மோட்டார் ஓட்டுவதாகவும், முதலாளி துப்பாக்கியை வண்டியில் வைத்துவிட்டுக் கலியாண மண்டபத்துக்குள் போய்விடுவதாகவும், எழுத்துக் கேட்டால் வேலை போய்விடும் என்றும் சொன்னார்.)

அந்தத் தோழர் சொல்வது உண்மைதான். அதோடு, எழுத்துக் கொடுத்தாலும் ‘பத்திரமாக வைத்திரு’ என்ற எழுத்து அந்த மூன்று காரியங்களில் சேருமா என்பதும் சந்தேகம். ஆகவே எழுத்துக் கேட்கவேண்டாம். லைசென்சிலேயே, துப்பாக்கியை எடுத்துச்செல்லும் ஆட்களின் பெயரைச் சேர்ப்பதற்கு இடம் இருக்கின்றது. “என் பெயரை அதில் சேர்க்கக் கலெக்டர் ஆபீசில் மனுப் போடுங்கள், இல்லாவிட்டால் தங்கள் துப்பாக்கி தங்கள் இடுப்பிலேயே இருக்கட்டும்” என்று மரியாதையாகச் சொல்லுங்கள். அவர் கோபித்துக்கொண்டால், 2016-ம் வருஷத்து ஆயுத விதிகளிலேயே, பொது இடத்தில் கைத்துப்பாக்கியை உறையிலோ பையிலோ முழுதும் மூடித் தன் கட்டுப்பாட்டில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று அவருக்கே எழுதியிருப்பதையும் சொல்லுங்கள். மண்டபத்துக்குள் துப்பாக்கியோடு போவது மரியாதையல்ல என்று அவர் நினைத்தால், கலியாணத்துக்குப் புறப்படும்போது அதை வீட்டில் பூட்டிவைத்துவிட்டு வரட்டும்.